டில்லியில் ஓர் அமெரிக்க மாணவி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். நாம் புலவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடும் படிவங்களோடும் காலங்கழித்து வருகிறோம். இலக்கியம் பேசுவதற்கு இவ்வரங்கிலே தமிழாசிரியர்கள் வீற்றிருக்கின்றனர். வேற்றூர் வாழ்வைப் பற்றிப் பேச எழுபவர் எவரும் கணியன் பூங்குன்றனாரின் வாக்கிலே தொடங்குவது நம் மேடையின் மரபு. ஆண்டுதோறும் குறைந்தது மூன்று முறையேனும் அதனைக் கேட்டுவிடுகிறோம். இன்றைக்கு அதனைப் பிறர் சொல்லட்டும். நாம் சொல்லப்போவது ஓர் அமெரிக்கப் பெண்ணின் கதை.

‘அமெரிக்கப் பெண்ணுக்கும் நம் சங்கத்துக்கும் என்ன தொடர்பு?’ என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர் கேட்பது அவர் முகத்திலேயே தெரிகிறது. தொடர்பு உண்டு. அவள் வாழ்ந்தது இந்த டில்லி மாநகரிலே. நாம் எந்தச் சாலைகளில் அன்றாடம் பேருந்துக்குக் காத்து நிற்கிறோமோ, அந்தச் சாலைகளிலே அவள் சைக்கிள் ஓட்டினாள்.

தரியாகஞ்சு நடைபாதையில் ஞாயிறுதோறும் விரிக்கப்பட்டுவந்த பழைய புத்தகச் சந்தையை உங்களிற் பலர் அறிவீர்கள். 2019 ஆம் ஆண்டிலே அச்சந்தை அங்கிருந்து எடுக்கப்பட்டு மகிளா ஹாட் வளாகத்துக்கு மாற்றப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், அந்த நடைபாதையிலே அட்டை நைந்த ஆங்கில நூலொன்றை வாங்கினோம். அதன் பெயர் ‘அட் ஹோம் இன் இந்தியா’. எழுதியவர் சிந்தியா பௌல்ஸ். 1956 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. நமக்குத் தெரிந்த ஆங்கிலம் கோப்பு ஆங்கிலம். ஆகவே அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் அதனைப் படித்தோம்.

சிந்தியாவின் தந்தையார் செஸ்டர் பௌல்ஸ். கனெக்டிகட் மாநிலத்தின் ஆளுநராயிருந்தவர். 1951 ஆம் ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அவரை இந்தியாவுக்குத் தூதுவராக அனுப்பினார். 1953 மார்ச்சு வரை அவர் இங்கிருந்தார். பின்னர் 1963 முதல் 1969 வரை இரண்டாம் முறையும் தூதுவராக வந்தார். முதன்முறை வந்தபோது மனைவியாரோடு சிந்தியா, சாலி, சாமுவேல் என்னும் மக்கள் மூவரையும் அழைத்து வந்தார். சிந்தியாவுக்கு அப்போது வயது பதினைந்து. அன்றைய பள்ளி மாணவியைக் குறித்துப் பேசுவதால் ‘அவள்’ என்று சொல்கிறோம். அவமதிப்பன்று.

அவர்கள் வந்திறங்கிய டில்லியை எண்ணிப் பாருங்கள். நாடு இரண்டாகப் பிரிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ ஐந்து லட்சம் அகதிகள் இந்நகரிலே வந்து குடியேறியிருந்தனர். 1951 கணக்கெடுப்பின்படி டில்லியின் மக்கள்தொகை ஏறக்குறைய பதினேழரை லட்சம். அதாவது, தெருவிலே எதிர்ப்பட்ட நான்கு பேரில் ஒருவர்க்கு மேல் வீடிழந்து வந்தவர். அந்த அக்டோபரில்தான் முதற்பொதுத்தேர்தல் தொடங்கியது. அதே மாதத்தில், பழைய டில்லி இரயில் நிலையத்துக்கு எதிரே பொதுநூலகத்தைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். அந்நூலகம் இரயில்வேக்காரராகிய நமக்கு அக்கம்பக்கம். அதனாலே அத்தேதி மனத்தில் தங்கிவிட்டது.

தூதுவர் வீட்டுப் பிள்ளைகள் பொதுவாக எப்படி வளர்வார்கள் என்பது டில்லிவாசிகள் அறியாததன்று. மதிற்சுவர், வாயிற்காவல், கார், தம் நாட்டாருக்கென்று அமைந்த பள்ளி, தம் நாட்டாரே கூடும் விருந்து. டில்லியிலே அமெரிக்கப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி 1952 இல் தொடங்கப்பெற்றது. பௌல்ஸ் குடும்பத்தார் வேறு வழியை மேற்கொண்டனர். பெரிய மாளிகையை விடுத்து, ரத்தன்டன் சாலையிலே சிறிய வீடொன்றில் குடியேறினர். இன்று அம்ரிதா ஷெர்கில் மார்க் என்று வழங்குவது அச்சாலையே. பிள்ளைகளை மதுரா சாலையிலிருந்த டில்லிப் பப்ளிக் பள்ளியிலே சேர்த்தனர். 1949 இல் தோன்றித் தொடக்கத்தில் கூடாரங்களிலே நடந்த பள்ளி அது. கூடாரத்திலே பாடம் என்றால் எப்படி இருக்கும் என்பதை டில்லியின் மே மாதமும் சனவரி மாதமும் தெரிந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

சிந்தியா சைக்கிளில் பள்ளிக்குச் சென்றாள். உடன்படித்த பெண்களைப் போலவே சல்வார் கமீஸ் உடுத்தாள். இந்தி படித்தாள். தோழியர் வீடுகளுக்குச் சென்று தங்கினாள். பின்னர், தாகூர் நிறுவிய சாந்திநிகேதனத்துக்குச் சென்று சில காலம் படித்தாள். விசுவபாரதி நடுவண் பல்கலைக்கழகமானது 1951 இல்தான். மரத்தடியிலே அமர்ந்து பாடங்கேட்கும் அவ்விடத்திலே, தூதுவர் மகள் என்பதற்கென்று தனி நாற்காலி ஏது?

இவையெல்லாம் பெரிய செயல்களா என்று கேட்டால், அல்ல. சைக்கிள் ஓட்டுவதும், பக்கத்து வீட்டில் உண்பதும், பிறமொழியில் நான்கு சொற்களைத் தப்பும் தவறுமாகச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாவதும் நூலுக்குரிய பொருள்தாமா? ஆயினும், வேற்றூரிலே மனிதன் படும் தனிமைக்கு மருந்தாக அமைபவை இத்தகைய சிறு செயல்களே. அந்நூலைப் படிக்கும்போது நமக்கு வியப்பளித்தது ஒன்று. அதிலே கோபுரங்களும் குதுப்மினாரும் அடைத்துக்கொண்டிருக்கும் இடம் குறைவு. மனிதர்களுக்கே இடம் மிகுதி.

தலைப்பையும் சற்றே எண்ணிப் பாருங்கள். ‘அட் ஹோம்’ என்னும் அத்தொடரைத் தமிழாக்க நாம் பலமுறை முயன்றோம். ‘இந்தியாவில் வீட்டில்’ என்றால் பொருள் கெடுகிறது. ‘நம் வீடு போல’ என்றால், ‘போல’ என்ற சொல்லே அது நம் வீடன்று என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. விருந்தினரிடம் ‘உங்கள் வீடு போல நினைத்துக்கொள்ளுங்கள்’ என்கிறோம். அப்படிச் சொன்னபிறகும் அவர் அடுக்களைக்குள் சென்று தாமே நீர் முகந்து குடிப்பதில்லை. சிந்தியா எந்த நாளிலே, எவர் வீட்டு அடுக்களையிலே, கேளாமலே நீர் முகந்தாளோ, அந்த நாளில்தான் அத்தலைப்புப் பிறந்திருக்கவேண்டும் என்பது நம் ஊகம்.

தம்பி சாமுவேலின் கதை இன்னும் சுவையானது. அதனை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். டில்லிப் பள்ளியிலே அவருடைய நிலை நடுத்தரம். படிப்பிலும் நடுத்தரம், விளையாட்டிலும் நடுத்தரம். உடன் இருந்த இந்தியப் பிள்ளைகளைவிட எதிலும் தாம் உயர்ந்தவரல்லர் என்பதை அச்சிறுவர் கண்டார். கண்டதும் ஒரு கேள்வி எழுந்தது. ‘திறமையிலே நாமும் இவர்களும் ஒப்பென்றால், இவர்கள் நாடு மட்டும் ஏன் இத்துணை வறுமையில் இருக்கிறது?’ அக்கேள்வி அவரை விடவில்லை. அதனைத் துரத்திக்கொண்டே சென்று, ஹார்வர்டில் 1965 இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, ஏற்றத்தாழ்வுகளை ஆராயும் பொருளியல் அறிஞராக உலகறிய விளங்கினார். சாமுவேல் பௌல்ஸ் என்னும் பெயரைப் பொருளியல் படிக்கும் நம் கல்லூரிப் பிள்ளைகள் அறிந்திருக்கக்கூடும்.

அன்பர்களே, அச்சிறுவர் மதிலுக்குள்ளே வளர்ந்திருந்தால் இக்கேள்வி எழுந்திருக்குமா? காரின் கண்ணாடி வழியே பார்த்திருந்தால், ‘இவர்கள் ஏழைகள், ஆகவே திறமையற்றவர்கள்’ என்று முடிவு கட்டியிருப்பார். அல்லது, ‘பாவம்’ என்று இரங்கியிருப்பார். கிரிக்கெட்டிலே தன்னைத் தோற்கடித்த பையனைப் பார்த்து இரங்க இயலுமா? பக்கத்துப் பலகையிலே அமர்ந்தவனுக்குத்தான் சரியான கேள்வி தோன்றும்.

நிற்க. இதுவரை சொன்னதைக் கேட்டு, ‘அவர்களுக்கு என்ன ஐயா! தூதுவர் மக்கள். பதினெட்டு மாதங்கழித்துக் கப்பலேறுவோம் என்ற உறுதி இருந்தது’ என்று நீங்கள் சொன்னால், அதனை மறுப்பதற்கில்லை. சிந்தியாவுக்கு டில்லி ஒரு பள்ளிக்கூடம். நமக்கோ வயிற்றுப்பாடு. நாம் தமிழ்நாடு எக்ஸ்பிரசிலே இரண்டு இரவும் ஒரு பகலும் பயணஞ்செய்து இங்கே வந்து இறங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திரும்பும் நாளைக் குறித்த சீட்டு எவரிடமும் இல்லை. அவள் இந்தி பேசித் தடுமாறினால், ‘ஆகா, அமெரிக்கப் பெண் இந்தி பேசுகிறாள்!’ என்று பாராட்டினர். நம்மவர் தடுமாறினால் ‘மதராசி’ என்று சிரித்தனர். அவளுடைய தாய்மொழிக்கு எவ்விடத்தும் ஆபத்தில்லை. ஊருக்குத் திரும்பினால் காலை முதல் இரவு வரை ஆங்கிலமே. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கோ, வாயிலைத் தாண்டினால் தமிழில்லை. இந்த வேறுபாடுகளை மறைத்துவிட்டு அவளை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

இக்காரணத்தினாலேதான் நம் முன்னோர் தமக்கென்று நிறுவனங்களை அமைத்தனர். கோடையில் சிம்லாவும் குளிரில் டில்லியுமாக அரசாங்கத்தோடு அலைந்த தென்னாட்டு எழுத்தர்கள், தம் மக்களுக்காக 1923 இல் மதராசிக் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தனர். இன்று டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று ஏழு பள்ளிகளை நடத்துவது அதுவே. 1946 இல் டில்லித் தமிழ்ச் சங்கம் எழுந்தது. இராமகிருஷ்ணபுரத்து மலைமேல் சுவாமிநாதப் பெருமானுக்கு 1973 இல் குடமுழுக்கு நடந்தது. எழுத்தர்களின் மாதச் சம்பளத்திலிருந்து சேர்ந்த பணமும் அக்கற்களிலே இருக்கிறது. இவற்றை மதில் என்று சொல்வார் உளராயின், அவர் வேற்றூரிலே பிள்ளை வளர்த்தறியாதவர்.

ஆனால் வீடு வேறு, கோட்டை வேறு. வீட்டுக்குக் கதவு உண்டு. திறப்பதற்கென்றே கதவு வைக்கிறோம்.

நம் நாட்டுக்கு வந்த ஒரு செர்மானிய இளைஞரை ஈண்டு நினைவுகூர்தல் தகும். பர்த்தலோமேயு சீகன்பால்கு என்பார், டென்மார்க்கு அரசரால் அனுப்பப்பெற்று, 1706 சூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. தமிழில் ஓரெழுத்தும் அறியார். என்ன செய்தார்? முதியவராகிய உபாத்தியாயர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு தாமும் தரையிலமர்ந்து மணலிலே ‘அ, ஆ’ எழுதினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715 இல் தரங்கம்பாடி அச்சகத்திலே தமிழில் அச்சேறி முடிந்தது. அவர் வந்த நோக்கம் சமயப் பணி. அதனை ஏற்பாரும் ஏலாதாரும் உண்டு. ஆனால், படித்த ஐரோப்பியர் ஒருவர் நாகைக் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகளோடு மணலில் எழுதியதை எவரும் குறை சொல்வதில்லை. அந்த உபாத்தியாயரையும் நாம் மறந்துவிடலாகாது. ‘நீ அயலான், உனக்கு எதற்குத் தமிழ்?’ என்று அவர் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இனி நம் காலனிக்கு வருவோம். நமது குடியிருப்பிலே தமிழ்க் குடும்பங்கள் ஒரு பக்கம், பஞ்சாபியர், பீகாரத்தார், கடுவாலத்தார் மறுபக்கம். தண்ணீர்த் தொட்டியடியிலே எல்லாரும் சந்திக்கிறோம். கொலுவுக்கு அழைப்பது தமிழ் வீடுகளை மட்டும். அவர்கள் லோடி நெருப்புக்கு அழைப்பதும் தம்மவரை மட்டும். இப்படியே ஆண்டுகள் சென்றன. 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் இந்நகரம் பட்ட பாட்டை இங்கே விரிக்க மனம் வரவில்லை. பெருந்தொற்றிலே மூச்சுக்குத் தவித்தவர் வீட்டிலே ஆக்சிஜன் உருளைக்கு அலைந்தோம். நம் தமிழ்க் குடும்பமொன்றின் முதியவர்க்கு உருளை வாங்க, இரவு முழுவதும் வரிசையில் நின்றவர் எதிர்வரிசைச் சர்தார்ஜி. அவருக்கும் அந்த முதியவர்க்கும் அதுவரை இருந்த பழக்கம், காலையில் தலையசைப்பது ஒன்றே. முதியவர் பிழைத்தார். இன்று இவ்வரங்கிலே மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு நம் வணக்கம். பிழைத்தபின்னர் அவர் செய்த முதற்காரியம் சர்தார்ஜியின் பெயரைக் கேட்டறிந்ததுதான்.

அந்தச் சர்தார்ஜியின் பேத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தோம். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவள் கடந்த ஐந்து மாதங்களாக வந்துகொண்டிருக்கிறாள். ஒன்பது வயது. நம் மகளோடு விளையாட வந்தவள், ஒருநாள் அவளுடன் வகுப்புக்கும் வந்து, கடைசிப் பாயிலே உட்கார்ந்தாள். மறுவாரம் சிலேட்டும் கொண்டு வந்தாள். யாரும் அழைக்கவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. புதிய ஆண்டுக்குப் பெயர்ப் பதிவு தொடங்கியபோதுதான் பேச்சு எழுந்தது.

செயற்குழுவிலே சில அன்பர்கள் கவலை தெரிவித்தனர். அவர்கள் கவலையை எள்ளுதல் தகாது. வாரத்திலே ஒரு நாள், அதிலும் இரண்டு மணி நேரம். அந்நேரமேனும் பிள்ளைகள் தமிழிலேயே பேசட்டும் என்று எண்ணுகிறோம். பிறமொழிப் பிள்ளைகள் வந்தால் வகுப்பிலே இந்தி புகுந்துவிடும், இருக்கும் கொஞ்சத் தமிழும் கரைந்துவிடும் என்கின்றனர். தம் பேரப்பிள்ளைகள் தொலைபேசியில் ஊரிலுள்ள கொள்ளுப்பாட்டியோடு பேச இயலாமல் விழிப்பதைக் கண்டவர்கள் அவர்கள். அவ்வச்சம் வெறும் அச்சமன்று.

எனினும், ஐந்து மாதங்களில் கண்ணால் கண்டதைச் சொல்லவேண்டும். அப்பெண் வந்தபின் வகுப்பிலே இந்தி கூடவில்லை. அவளுக்குப் பாடஞ்சொல்லும் உரிமைக்காக நம் பிள்ளைகள் போட்டியிடுகின்றனர். ‘ழ’ என்னும் எழுத்தை அவளுக்குக் காட்டவேண்டி, நம் வீட்டுப் பெண் அதனை நூறு தடவை சொன்னாள். அதற்குமுன் அவளே ‘பளம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனையோ முறை திருத்தியும் திருந்தாத நாக்கு, ஆசிரியப் பதவி கிடைத்ததும் தானே மடங்கிக்கொண்டது. தமிழைப் பிறர் ஆசையோடு கேட்கிறார்கள் என்பதைக் காணும்போது, டில்லிப் பிள்ளைக்கு அது வீட்டுச் சுமையாகத் தோன்றுவதில்லை. தன்னிடமிருக்கும் செல்வமாகத் தோன்றுகிறது. பாட்டியரும் தாய்மாரும் ஆயிரம் சொல்லியும் விளங்காததை அந்தப் பஞ்சாபிச் சிறுமி ஒரு சிலேட்டோடு வந்து விளக்கிவிட்டாள்.

சிந்தியாவுக்கு இந்தியும், தரங்கம்பாடியாருக்குத் தமிழும் கிட்டியது, உள்ளூரார் பாயிலே இடம் விட்டதனால். இந்நகரிலே நாம் என்றும் இடங்கேட்டு வந்தவர்களாகவே நம்மை எண்ணிப் பழகிவிட்டோம். இடம் கொடுக்கும் நிலையும் நமக்கு வாய்க்கலாம் என்பது நம் மனத்தில் எளிதில் ஏறுவதில்லை.

படிவங்களிலே வாழ்பவராகையால், அவளுடைய விண்ணப்பத்தை நாம் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தோம். நம் சங்கத்துப் படிவத்திலே மூன்றாவது இனம் ‘தாய்மொழி’. அதற்கெதிரே ‘தமிழ்’ என்று முன்னதாகவே அச்சிட்டு வைத்திருக்கிறோம். வேறு விடை வருமென்று எவரும் எதிர்பார்க்கவில்லை. சர்தார்ஜி பேனாவினால் அச்சொல்லை நேர்கோடாக அடித்து, மேலே ‘பஞ்சாபி’ என்று எழுதி, அடித்தலுக்குப் பக்கத்திலே சுருக்கொப்பமும் இட்டிருக்கிறார். அலுவலக முறைப்படி குற்றம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. புகைப்படம் ஒட்டப்பட்டுள்ளது. கட்டணம் இணைக்கப்பட்டுள்ளது.

செயற்குழு வருகிற இரண்டாம் ஞாயிறு மாலையிலே கூடுகிறது. அன்று காலையிலும் வகுப்பு உண்டு. பத்து மணிக்குத் தொடங்கும் வகுப்புக்குப் பாய் விரிப்பதற்காக, அவள் ஒன்பதே முக்காலுக்கே வந்து கதவடியில் நிற்பாள்.